டச்பேட் எல்எஸ்பிசிஐ-யிலும் இல்லை, எல்எஸ்யூஎஸ்பி-யிலும் இல்லை. அப்புறம் எங்கேதான் இருக்கிறது?

புதுக்கெர்னல்

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது ஏஎம்டி ரைசன் போட்ட மடிக்கணினி. லினக்ஸ் டிஸ்ட்ரோவோடு வந்த கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையக்கருவில், எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. கற்றுக்கொண்டதாகவும் இருக்கட்டும் என்று கெர்னலில் எது வேண்டும், எது வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிகில் உட்கார்ந்து, தேவைப்படாது என்று தோன்றியதை எல்லாம் எடுத்துவிட்டு நானே ஒரு கெர்னல் கம்பைல் செய்தேன். பூட் ஆகிறது, வைஃபை வருகிறது, சத்தம் வருகிறது. டச்பேட் மட்டும் அசைய மாட்டேன் என்கிறது.

எந்த டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) விட்டுப்போனது என்று பார்க்க, பிசிஐ என்ற உள் இணைப்பில் இருப்பவற்றைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையைக் கொடுத்தேன். கிராபிக்ஸ், என்விஎம்இ சேமிப்பகம், வைஃபை எல்லாம் வரிசையாக வந்தன, டச்பேட் இல்லை. யூஎஸ்பி-க்கான எல்எஸ்யூஎஸ்பி கொடுத்தால் கேமராவும் ப்ளூடூத்தும்தான். சரி, டச்பேட் நன்றாக ஓடும் டிஸ்ட்ரோ கெர்னலிலேயே பார்த்துவிடலாம் என்று போனேன். அங்கேயும் இரண்டு பட்டியலிலும் அது கிடையாது!

இயங்குதளத்தின் கண்ணில் படாத ஒரு சாதனம் எப்படி வேலை செய்கிறது? சாதனம் இருக்கிறது என்று இயங்குதளத்துக்கு யார் சொல்கிறார்கள்?

எட்டாம்பிட்

பிஎஸ்/2 என்ற பழைய இணைப்பாக இருக்கும். மடிக்கணினியில் விசைப்பலகையும் டச்பேடும் காலங்காலமாக அதில்தான். விசைப்பலகைக்கு ஐஆர்க்யூ (சாதனம் சிபியுவைக் கூப்பிடும் இன்டரப்டின் எண்) 1, சுட்டிக்கு 12. பிஎஸ்மவுஸ் டிரைவரை எடுத்துவிட்டீர்களா?

புதுக்கெர்னல்

இல்லை, அது இருக்கிறது. விசைப்பலகை 1-ல் வருகிறது. 12-ல் ஒன்றும் இல்லை, டிஸ்ட்ரோ கெர்னலிலும் இல்லை.

நடுநிசி

அப்படியென்றால் ஐ2சி என்ற சிப் இணைப்பு. டச்பேடை ஐ2சி வழியாக இணைக்கும் ஹிட் (விசைப்பலகை, சுட்டி போன்றவை பேசும் முறை) நெறிமுறையை மைக்ரோசாஃப்ட் 2012-ல் விண்டோஸ் 8-ஐ ஒட்டிக் கொண்டுவந்தது. அதற்கப்புறம் மடிக்கணினிகள் கொஞ்சம் கொஞ்சமாக பிஎஸ்/2-வை விட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டன.

"யார் சொல்கிறார்கள்" என்பதுதான் நல்ல கேள்வி. பஸ்ஸுக்கு பஸ் (சாதனங்கள் இணையும் பாதை) பதில் வேறு.

பிசிஐ-யில் யாரும் சொல்ல வேண்டாம், கெர்னலே போய்க் கேட்டுக்கொள்ளும். ஒரு பிசிஐ பஸ்ஸில் 32 சாதன இடங்கள், இடத்துக்கு 8 ஃபங்ஷன் வரை. ஒவ்வொன்றுக்கும் கான்ஃபிக் ஸ்பேஸ் என்று ஒரு சின்னப் பதிவேடு உண்டு. பழைய பிசிஐ-யில் 256 பைட், பிசிஐ எக்ஸ்பிரஸில் 4096. அதன் முதல் இரண்டு பைட் தயாரிப்பாளர் எண். பதினாறடி (ஹெக்ஸ்) எண்ணில் ஏஎம்டிக்கு 1022, இன்டெலுக்கு 8086 (அவர்களின் பழைய சிப்பின் பெயரே அது, குறும்புக்காரர்கள்). ஆள் இல்லாத இடத்தைப் படித்தால் பதில் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள், சிபியுவையும் பிசிஐ-யையும் இணைக்கும் ஹோஸ்ட் பிரிட்ஜ் எல்லா பிட்டையும் 1 ஆக்கித் திருப்பிக் கொடுத்துவிடும். 16 பிட்டும் 1 ஆக உள்ள எண்ணை எந்த நிறுவனத்துக்கும் ஒதுக்காமல் வைத்திருப்பது இதற்காகத்தான்.

சாதனம் தனக்கு எவ்வளவு முகவரி இடம் வேண்டும் என்று சொல்லும் விதம் இன்னும் அழகு. "பார்" (பேஸ் அட்ரஸ் ரெஜிஸ்டர்) என்று ஒரு ரெஜிஸ்டர் சாதனத்தில் இருக்கிறது. கெர்னல் அதில் எல்லா பிட்டையும் 1 என்று எழுதிவிட்டுத் திரும்பப் படிக்கும். 16 கேபி வேண்டும் என்று நினைக்கும் என்விஎம்இ, கீழே உள்ள 14 பிட்டுகளில் 1-ஐ ஏற்காது. (அதிலும் கடைசி நாலு பிட்டில் இது என்ன வகை இடம் என்ற குறிப்பு இருக்கும். அதை ஒதுக்கிவிட்டுத்தான் கணக்கு.) எந்த பிட்டிலிருந்து 1 ஒட்டுகிறது என்று பார்த்தால் அளவு தெரிந்துவிடும். பிறகு கெர்னல் ஒரு முகவரியைத் தேர்ந்தெடுத்து அதே ரெஜிஸ்டரில் எழுதும். அதற்குமேல் டிரைவருக்கு அந்தச் சாதனம் நினைவகத்தில் ஒரு துண்டாகத்தான் தெரியும்.

ஐ2சி-க்கு இது எதுவுமே கிடையாது. 1982-ல் ஃபிலிப்ஸ் கொண்டுவந்தது, டிவிக்குள் இருக்கும் சிப்புகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள. இரண்டே கம்பி, 7 பிட் முகவரி. ஒரு முகவரியைக் கூப்பிட்டால் அங்கே இருப்பவர் ஏசிகே என்று ஒரு பிட் கொடுப்பார், அவ்வளவுதான். நீ யார், என்ன வகை, எந்த டிரைவர் வேண்டும் என்று கேட்க வழியே இல்லை. ஆகவே யாராவது முன்கூட்டி எழுதி வைத்திருக்க வேண்டும். உங்கள் கணினியில் அதை எழுதியவர் மதர்போர்டைச் செய்தவர், எழுதிய இடம் பயாஸுக்குள் இருக்கும் ஏசிபிஐ அட்டவணை, அதாவது வன்பொருளைப் பற்றி இயங்குதளத்துக்குச் சொல்லும் பட்டியல்.

ஏஎம்டியில் கூடுதலாக ஒரு கூத்து. இன்டெல் மடிக்கணினி என்றால் ஐ2சி கன்ட்ரோலராவது எல்எஸ்பிசிஐ-யில் தலைகாட்டும். ஏஎம்டியில் கன்ட்ரோலரும் பிசிஐ-யில் இல்லை, ஏஎம்டிஐ0010 என்ற பெயரில் ஏசிபிஐ அட்டவணையில் மட்டும்தான் இருக்கும். அதனால்தான் உங்களுக்கு எங்கும் எதுவும் தெரியவில்லை.

கன்ட்ரோலருக்கு டிசைன்வேர் ஐ2சி பிளாட்ஃபார்ம் டிரைவரையும், டச்பேடுக்கு ஐ2சி ஹிட் ஏசிபிஐ-யையும் போட்டுக் கட்டிப் பாருங்கள். பிறகு கெர்னல் தன் சாதனங்களைக் காட்டும் சிஸ்எஃப்எஸ்-ல் ஐ2சி சாதனங்கள் அடைவில் என்ன வருகிறது என்று சொல்லுங்கள்.

பழைய_டவர்

நடுநிசி சொன்னதைப் படித்ததும் எனக்கு ஐஎஸ்ஏ (பிசிஐ-க்கு முந்தைய பஸ்) காலம் ஞாபகம் வந்துவிட்டது. 95-க்கு முன்னால் கார்டு சொருகியவர்களுக்குத் தெரியும், அன்றைக்கு இயங்குதளத்துக்கு ஒரு மண்ணும் தெரியாது. சவுண்ட் கார்டில் ஜம்பரை (எண்ணை அமைக்கும் சின்னச் செருகி) பார்த்து முகவரி 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ (சிபியு இல்லாமல் நினைவகத்தை நேராக அணுகும் வழி) 1 என்று குறித்துக்கொண்டு, கணினி தொடங்கும்போது ஓடும் ஆட்டோஎக்ஸெக் கோப்பில் ஏ220 ஐ5 டி1 என்று நாமே ஒரு வரி எழுத வேண்டும். விளையாட்டு அந்த வரியை நம்பித்தான் சத்தம் போடும். நெட்வொர்க் கார்டு ஐஆர்க்யூ 3-ல் வந்திருக்கும், மோடம் இருக்கும் இரண்டாவது சீரியல் போர்ட்டும் 3. மோடமும் நெட்வொர்க்கும் ஒன்றாக ஓடாது. எந்த ஜம்பர் எந்த எண் என்பது கார்டோடு வந்த காகிதத்தில் இருக்கும், அந்தக் காகிதம் எப்போதும் தொலைந்திருக்கும்.

அதைத் தீர்க்கத்தான் பிசிஐ-யும் யூஎஸ்பி-யும் வந்தன. உடனே எல்லாம் சரியாகிவிடவும் இல்லை. 1998 ஏப்ரலில் காம்டெக்ஸ் கண்காட்சி மேடையில் விண்டோஸ் 98-ஐக் காட்டும்போது யூஎஸ்பி ஸ்கேனரைச் சொருகியதும் கணினி முடங்கி நீலத்திரை வந்தது, பில் கேட்ஸ் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

இப்போது இந்த ஐ2சி கதையைக் கேட்டால், அந்த ஆட்டோஎக்ஸெக் வரி எங்கேயும் போகவில்லை என்று தோன்றுகிறது. அன்று நாம் எழுதினோம், இன்று பயாஸ் எழுதுபவர் எழுதுகிறார். அவர் தப்பாக எழுதினால் நம்மால் ஜம்பரைக்கூட மாற்ற முடியாது.

எட்டாம்பிட்

இதற்கு டச்பேடை யூஎஸ்பி-யிலேயே போட்டுத் தொலைக்கலாமே? சொருகினால் தானாகப் பெயர் சொல்லும். ஆனால் ஒன்று, யூஎஸ்பி சுட்டிக்கு உண்மையான இன்டரப்ட் கிடையாது, எல்லாம் போலிங். 1000 ஹெர்ட்ஸ் சுட்டி வாங்கினால் சிபியு விநாடிக்கு ஆயிரம் முறை "ஏதாவது இருக்கா" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பிஎஸ்/2 இந்த விஷயத்தில் மேல்.

நடுநிசி

பாதி சரி. யூஎஸ்பி-யில் சாதனம் தானாக வாயைத் திறக்காது, ஹோஸ்ட் கேட்டால்தான் பதில். "இன்டரப்ட் டிரான்ஸ்ஃபர்" என்று பெயர் வைத்தவர்கள் நம்மைக் குழப்பத்தான் வைத்தார்கள்.

ஆனால் கேட்பது சிபியு இல்லை, ஹோஸ்ட் கன்ட்ரோலர். டிரைவர் நினைவகத்தில் ஒரு வேலைப் பட்டியலை வைத்துவிட்டுப் போய்விடும். கன்ட்ரோலர் அதைப் பார்த்து 1 மில்லிவிநாடிக்கு ஒருமுறை சுட்டியைக் கேட்கும். சுட்டி நகரவில்லை என்றால் என்ஏகே (ஒன்றும் இல்லை) வரும், அது கன்ட்ரோலரோடு முடிந்துவிடும். நகர்ந்தால் மட்டும் தரவை நினைவகத்தில் போட்டுவிட்டு சிபியுவுக்கு நிஜமான ஒரு இன்டரப்ட் அனுப்பும். சுட்டியைத் தொடாமல் வைத்திருந்தால் சிபியுவுக்கு ஒரு வேலையும் இல்லை.

பழைய யூஎச்சிஐ வகை யூஎஸ்பி கன்ட்ரோலர்களில் வேறு ஒரு தொல்லை இருந்தது. அந்த வேலைப் பட்டியலை ஒவ்வொரு மில்லிவிநாடியும் நினைவகத்திலிருந்து டிஎம்ஏ செய்து படித்துக்கொண்டே இருக்கும். பஸ் இப்படி ஓயாமல் ஓடுவதால் சிபியு சி3 என்ற ஆழ்ந்த தூக்கத்துக்குப் போக முடியாது. சும்மா கிடக்கும் ஒரு சுட்டி பேட்டரியைத் தின்றது இப்படித்தான். புது எக்ஸ்எச்சிஐ வகை வந்ததும் அந்தச் சிக்கல் போனது.

செவ்வந்தி

நான் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினிப் பலகையின் பக்கத்து ஆள். பழைய_டவர் சொன்ன ஆட்டோஎக்ஸெக் வரியை நாங்கள் இன்னும் கையால்தான் எழுதுகிறோம்.

பை போன்ற ஏஆர்எம் பலகைகளில் பெரும்பாலும் ஏசிபிஐ இருக்காது, வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ என்ற கோப்புதான். டிஎஸ்3231 கடிகாரச் சிப்பை இரண்டு கம்பியில் இணைத்துவிட்டுக் காத்திருந்தால் கெர்னல் கண்டுகொள்ளாது. பூட் கான்ஃபிக் கோப்பில் "ஐ2சி ஆர்டிசி, டிஎஸ்3231" என்று ஒரு ஓவர்லே வரி எழுதினால்தான் டிரைவர் ஏறும். அந்தச் சிப்பின் முகவரி பதினாறடி எண்ணில் 68. எம்பியு6050 என்ற அசைவு உணரிக்கும் அதே 68. இரண்டையும் ஒரே பஸ்ஸில் போட்டால் இரண்டுமே ஏசிகே கொடுக்கும், படிக்கும் தரவு குப்பையாக வரும். கெர்னலுக்கு ஒரு சந்தேகமும் வராது, கோப்பில் கடிகாரம் என்று எழுதியிருந்தால் அதற்குக் கடிகாரம்தான். உணரியின் ஏடி0 காலை உயர் மின்னழுத்தத்தோடு கட்டி 69-க்கு மாற்றினால்தான் வழிக்கு வரும்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துவிடுகிறேன். "எல்லா முகவரியையும் தட்டிப் பார்த்தால் போச்சு" என்று மடிக்கணினியில் ஐ2சிடிடெக்ட் ஓட்டாதீர்கள். படிப்பதும் எழுதுவதும் அந்தக் கம்பியில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தொடங்கும், எதிரே இருக்கும் சிப் அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பது அதன் இஷ்டம். பழைய திங்க்பேட் சிலவற்றில் 24ஆர்எஃப்08 என்ற இஇப்ராம் நினைவகச் சிப் இருந்தது. லினக்ஸின் வெப்ப உணரி தேடும் கருவி இப்படித் தட்டிப் பார்த்ததில் அதன் உள்ளடக்கம் கெட்டு, மடிக்கணினியே எழுந்திருக்காமல் போனது.

ஓரக்கம்பி

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என் வெளி வன்தட்டுப் பெட்டியைச் சொருகினால் "டிஸ்கிரிப்டர் ரீடு/64, எர்ரர் -71" என்று வருகிறது. இதுவும் இந்த விவகாரம்தானா?

நடுநிசி

-71 என்றால் மின்சார அளவிலேயே பேச்சு சரியாகக் கேட்கவில்லை என்று அர்த்தம். முதலில் கேபிளை மாற்றுங்கள், ஹப் இருந்தால் கழற்றிவிட்டு நேராகச் சொருகுங்கள். -110 என்றிருந்தால் பதிலே வரவில்லை, நேரம் முடிந்தது. பெட்டி அடையாளம் தெரிந்து, கோப்பை நகலெடுக்கும்போது மட்டும் ரீசெட் ஆனால் யூஏஎஸ்-ஐ (யூஎஸ்பி வன்தட்டுக்கான நெறிமுறை) அந்தப் பெட்டிக்கு மட்டும் அணைத்துப் பாருங்கள்.

அந்த 64-க்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. புதிதாகச் சொருகிய சாதனம் எதுவாக இருந்தாலும் முகவரி 0-ல்தான் இருக்கும். அப்புறம் ஹோஸ்ட் 1 முதல் 127-க்குள் ஒன்றைக் கொடுக்கும். லினக்ஸ் முதலில் முகவரியைக் கொடுத்துவிட்டு விவரம் கேட்டுக்கொண்டிருந்தது, நெறிமுறைப்படி அதில் ஒரு தப்பும் இல்லை. விண்டோஸோ 0-ல் இருக்கும்போதே 64 பைட் விவரத்தைக் கேட்டு, ஒரு ரீசெட் போட்டு, பிறகுதான் முகவரி கொடுக்கும். மலிவுச் சாதனம் செய்கிறவர்கள் விண்டோஸில் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். வரிசை மாறினால் சாதனம் திகைத்து நிற்கும். கடைசியில் லினக்ஸும் விண்டோஸ் செய்கிற மாதிரியே செய்யக் கற்றுக்கொண்டது.

மேற்கொண்டு என்றால் தனி இழை திறங்கள் ஓரக்கம்பி, இங்கே டச்பேட் காத்திருக்கிறது.

புதுக்கெர்னல்

நடுநிசி அண்ணா, நீங்கள் சொன்ன இரண்டையும் போட்டுக் கட்டினேன். முன்பு ஐ2சி அடைவில் கிராபிக்ஸின் பஸ்கள் மட்டும் இருந்தன. இப்போது டச்பேட் பெயரிலேயே ஒன்று வந்துவிட்டது! ஆனால் இன்னும் அசையவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் டிரைவர் என்ற இணைப்பு இல்லை. கெர்னலின் பதிவான டிமெசேஜில் பிழை என்று ஒரு வரிகூட இல்லை.

நடுநிசி

பாதி தூரம் வந்துவிட்டீர்கள். டீபக்எஃப்எஸ்-ஐ (கெர்னலின் உள்நிலையைக் காட்டும் கோப்பமைப்பு) மவுன்ட் செய்து டிவைசஸ் டிஃபர்டு என்ற கோப்பைப் பாருங்கள். டச்பேட் அதில் இருக்கும் என்று நினைக்கிறேன். டிரைவர் ஏற முயன்றது, தனக்குத் தேவையான இன்னொன்று இன்னும் வரவில்லை என்று -517 கொடுத்துவிட்டு வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. இது பிழை என்ற கணக்கில் வராது, அதனால்தான் சத்தமே இல்லை.

அந்த இன்னொன்று ஜிபிஐஓ, அதாவது சிபியுவின் பொதுப் பயன்பாட்டுக் கால்களைக் கவனிக்கும் டிரைவர். ஐ2சி-யிலும் சாதனம் தானாகப் பேச முடியாது, மாஸ்டர் கேட்டால்தான். யூஎஸ்பி போல ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும் கன்ட்ரோலரும் இங்கே இல்லை. எனவே டச்பேடிலிருந்து தனியாக ஒரு கம்பி சிபியுவின் ஒரு ஜிபிஐஓ காலுக்குப் போகிறது. விரல் பட்டதும் டச்பேட் அந்தக் கம்பியை இழுத்துப் பிடிக்கும். கெர்னல் விழித்து ஐ2சி வழியாக அறிக்கையைப் படிக்கும். முதல் இரண்டு பைட் நீளம், பிறகு விரல்களின் இடம். படித்து முடித்தால்தான் கம்பியை விடும். 400 கிலோஹெர்ட்ஸில் ஏசிகே-யோடு சேர்த்து ஒரு பைட்டுக்கு 9 துடிப்பு, 22.5 மைக்ரோவிநாடி. 30 பைட் அறிக்கை என்றால் முக்கால் மில்லிவிநாடிக்குள் அடங்கிவிடும்.

ஏஎம்டியில் அந்தக் கால்களைப் பார்த்துக்கொள்வது பின்கன்ட்ரோல் ஏஎம்டி என்ற டிரைவர். "பின் கன்ட்ரோல், இது ஏதோ சின்னப் பலகைகளுக்கு" என்று நினைத்து எடுத்துவிட்டிருப்பீர்கள். நிறையப் பேர் எடுத்துவிடுகிறார்கள்.

பழைய_டவர்

கம்பியை இழுத்துப் பிடிப்பது பழைய பிசிஐ இன்டரப்டும் அப்படித்தானே? "ஐஆர்க்யூ 16, நோபடி கேர்டு" (யாரும் கண்டுகொள்ளவில்லை) என்று ஒரு வரி வந்து எல்லாம் ஆமை வேகத்துக்குப் போகும். அது ஏன் வந்தது என்று இன்றுவரை யாரும் எனக்குச் சரியாகச் சொன்னதில்லை.

நடுநிசி

சார், அது பல சாதனங்கள் ஒரே கம்பியைப் பங்குபோட்டதால் வந்தது. யாரோ ஒருவர் கம்பியைப் பிடித்திருக்கிறார். கெர்னல் அந்தக் கம்பியில் பதிந்த ஒவ்வொரு டிரைவரையும் "நீயா" என்று கேட்கிறது. எல்லாரும் "நானில்லை". கம்பி விடப்படாததால் உடனே மறுபடி இன்டரப்ட். 1,00,000 இன்டரப்டில் 99,900-க்கு யாரும் பொறுப்பேற்கவில்லை என்றால் லினக்ஸ் வெறுத்துப்போய் அந்த ஐஆர்க்யூவையே மூடிவிடும். மூடியதும் அதே கம்பியில் இருந்த அப்பாவிச் சாதனங்களும் சேர்ந்து படுத்துவிடும், நீங்கள் பார்த்த ஆமை வேகம் அதுதான்.

டிரைவர் ஒழுங்காக எழுதியிருந்தாலும் சில தேவையற்ற இன்டரப்டுகள் வரும். பிசிஐ-யில் எழுதுவது போஸ்ட்டட், அதாவது சிபியு எழுதிவிட்டுக் காத்திருக்காமல் அடுத்த வேலைக்குப் போய்விடும். "கம்பியை விடு" என்று டிரைவர் எழுதியது இடையில் ஏதோ ஒரு பிரிட்ஜில் நின்றுகொண்டிருக்கும்போதே இன்டரப்ட் ரொட்டீன் முடிந்துவிட்டால், கம்பி இன்னும் பிடித்தபடிதான் இருக்கும், மறுபடி கூப்பிடும். அதே சாதனத்திலிருந்து ஏதாவது ஒரு ரெஜிஸ்டரைப் படித்தால், படிக்கும் கோரிக்கை முன்னால் எழுதி அனுப்பியவற்றைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடும். டிரைவர் மூலநிரலில் எழுதிய கையோடு, மதிப்பை எதற்கும் பயன்படுத்தாமல் ஒரு வாசிப்பு இருந்தால் அதை வேண்டாத வரி என்று நீக்கிவிடாதீர்கள்.

இப்போதைய பிசிஐ எக்ஸ்பிரஸில் எம்எஸ்ஐ வந்து கம்பியே இல்லாமல் போய்விட்டது. ஒரு குறிப்பிட்ட முகவரிக்குச் சாதனம் ஒரு எண்ணை எழுதுகிறது, அதுதான் இன்டரப்ட். எனக்கு மிகவும் பிடித்தது இதில் கிடைக்கும் வரிசை. சாதனம் முதலில் தரவை டிஎம்ஏ-வாக எழுதுகிறது, பிறகு இன்டரப்டையும் அப்படி எழுதியே அனுப்புகிறது. ஒரே பாதையில் பின்னால் எழுதியது முன்னால் போனதை முந்தாது. இன்டரப்ட் வந்துவிட்டது என்றால் தரவு ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது. தனிக் கம்பியில் இந்த உத்தரவாதம் கிடையாது, கம்பி தரவை முந்திக்கொண்டு வந்துவிடும். அதன் விரிவான வடிவமான எம்எஸ்ஐ-எக்ஸில் ஒரு சாதனத்துக்கு 2048 இன்டரப்ட் வரை. என்விஎம்இ டிரைவர் சிபியு கோர் ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை, தனி இன்டரப்ட் என்று வைத்துக்கொள்வது அதனால்தான்.

செவ்வந்தி

துணுக்காக ஒன்று: ராஸ்பெர்ரி பை 5-ல் ஜிபிஐஓ கால்கள் ஆர்பி1 என்ற தனிச் சிப்பில், அது பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக இணைந்திருக்கிறது. ஒரு எல்இடி-யை எரிய வைக்க எழுதுவதும் பிசிஐ பொட்டலமாகத்தான் போகிறது.

புதுக்கெர்னல்

ஓடிவிட்டது! டிஃபர்டு கோப்பில் டச்பேட் பெயர் இருந்தது. பின்கன்ட்ரோல் ஏஎம்டியைச் சேர்த்ததும் டிரைவர் ஏறிவிட்டது. இன்டரப்ட் பட்டியலைப் பார்த்துக்கொண்டே விரலை நகர்த்தினால் ஏஎம்டி ஜிபிஐஓ வரியில் எண் கடகடவென்று ஏறுகிறது, விரலை எடுத்தால் நின்றுவிடுகிறது. எல்லாருக்கும் நன்றி.

ஆர்வத்தில் ஏசிபிஐடம்ப் கருவியால் அட்டவணையை எடுத்து, ஐஏஎஸ்எல் கருவியை வைத்துப் படிக்கும்படி பிரித்தும் பார்த்தேன். நடுநிசி அண்ணா சொன்னது அப்படியே இருக்கிறது: பிஎன்பி0சி50 (ஐ2சி ஹிட் சாதனம்) என்ற அடையாளம், ஐ2சி முகவரி 15, வேகம் பதினாறடி எண்ணில் 61ஏ80 (கணக்குப் போட்டால் சரியாக 4,00,000), ஜிபிஐஓ கால் எண் 9.

ஒன்று மட்டும் புரியவில்லை. அதே கோப்பில் ஓரிடத்தில் "நீ விண்டோஸ் 2015-ஆ" என்று கேட்பது போல ஒரு நிபந்தனை இருக்கிறது. நான் லினக்ஸ்தானே ஓட்டுகிறேன்?

நடுநிசி

அது ஓஎஸ்ஐ என்ற கேள்வி. விண்டோஸ் 2015 என்பது விண்டோஸ் 10. பயாஸ் அப்படிக் கேட்கும்போது லினக்ஸ் கெர்னல் "ஆமாம்" என்றுதான் சொல்லும். "நீ லினக்ஸா" என்று கேட்டால் "இல்லை" என்று சொல்லும். ஒரு காலத்தில் அதற்கும் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. லினக்ஸுக்கு என்று எழுதிய பாதையை யாரும் சோதித்துப் பார்க்காததால் அதில் போனவர்களுக்குத்தான் அதிகம் கெட்டது, நிறுத்திவிட்டார்கள். உங்கள் அட்டவணையில் அந்த நிபந்தனையின் மறுபக்கத்தையும் படித்துப் பாருங்கள். சில மடிக்கணினிகளில் "இல்லை" என்று சொன்னால் டச்பேடை பிஎஸ்/2-வுக்கு மாற்றிவிடும், முதலில் எட்டாம்பிட் சொன்ன ஐஆர்க்யூ 12-ல் வந்து நிற்கும்.